கன்றின் எச்சிலும் குளோரின் வாடையும்

கறவைக்கு முன்னால் கன்றை அவிழ்த்துவிட வேண்டும். ஏற்காடு ஒன்றியத்து வெள்ளக்கடையானாலும் சரி, மலைக்குக் கீழே சேலம் சமவெளியானாலும் சரி, இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டில் விடியற்காலை இப்படித்தான் தொடங்கும். கன்று ஓடிப்போய் மடியை முட்டும். நாலு காம்பிலும் மாறி மாறி வாய் வைக்கும். மாடு சுரப்பு விடும். கன்றின் வாயோரம் நுரை தள்ளும்போதே அதை இழுத்துத் தாயின் முன்னங்கால் பக்கம் கட்டிவிடுவார்கள். பிறகு மடியைக் கழுவி, செம்பை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கறப்பார்கள். அந்தப் பாலில் கொஞ்சம் வீட்டுக் காப்பிக்கு, மிச்சம் விற்பனைக்கு, விசேஷ நாளில் ஒரு செம்பு சாமிக்கு.

சாமிக்குப் போகும் அந்தச் செம்பு பழைய ஒரு வம்பைக் கிளப்புகிறது. கன்று வாய் வைத்த பாலை எப்படி அபிஷேகம் செய்வது? மராட்டியத்துத் தையற்காரக் குடும்பத்தில் பிறந்த நாமதேவர் இதைக் கேட்டார். காசியில் செருப்புத் தைத்த ரவிதாசரும் இதையே கேட்டார். பாலைக் கன்று எச்சில் செய்துவிட்டது, பூவை வண்டு தொட்டுவிட்டது, நீரை மீன் கலக்கிவிட்டது, உனக்குப் படைக்க நான் எதைக் கொண்டுவருவேன் என்பது இருவர் பாட்டிலும் வரும் கருத்து. இரண்டு பாட்டும் சீக்கியர்களின் குரு கிரந்த சாகிப்பில் இடம்பெற்றிருக்கின்றன. நம் சிவவாக்கியர் இன்னும் ஒரு படி மேலே போய், ஓதுகிற வேதமே வாயிலிருந்துதானே வருகிறது, அதுவும் எச்சில்தானே என்று மடக்கினார்.

சாத்திரம் எழுதியவர்களுக்கும் இந்த வம்பு தெரிந்தே இருந்தது. மனுஸ்மிருதியின் 5ஆம் அத்தியாயம் கன்றுக்கென்றே ஒரு விலக்கு வைத்திருக்கிறது: பால் சுரக்க வைக்கும் நேரத்தில் கன்றின் வாய்க்குத் தீட்டில்லை. பழத்தைக் கொத்தி உதிர்க்கும் பறவைக்கும், வேட்டையில் மானைக் கவ்வும் நாய்க்கும் அதே சலுகை. எழுதியவர் வீட்டில் மாடு இருந்திருக்க வேண்டும். கன்று இல்லாமல் சுரப்பு இல்லை, சுரப்பு இல்லாமல் நெய் இல்லை, நெய் இல்லாமல் வேள்வி இல்லை. தேவை இருக்கும் இடத்தில் தீட்டு விலகி நின்றுகொள்கிறது.

கேள்வி அதோடு தீரவில்லை. ஒரு பொருள் சுத்தம் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? அதன்மேல் தெளிக்கும் ஏதோ ஒன்று சுத்தத்தைத் தருகிறதா, அல்லது தினமும் செய்யும் வேலையா? சமயத்தின் பாஷையில் கேட்டால், பரிகாரமா, நித்திய கர்மமா? பால் பாத்திரம் கழுவும் இடத்தில் இந்தக் கேள்வி இன்று உலகம் முழுக்க வேறு பெயரில் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே பரிகாரத்தின் பெயர் குளோரின்.

குளோரினுக்கு ஒரு தெய்வாம்சம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1847இல் வியன்னா மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ், பிணவறையிலிருந்து பிரசவ அறைக்கு வரும் மருத்துவர்கள் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவியே தீர வேண்டும் என்றார். பிரசவக் காய்ச்சலால் தாய்மார் சாவது சரிந்தது. குடிநீரில் குளோரின் கலக்கத் தொடங்கிய பிறகு காலராவும் டைபாய்டும் அடங்கின. இதையெல்லாம் யாரும் மறுக்க முடியாது. ஆனால் பலன் கொடுத்த எதுவும் நாளடைவில் தீர்த்தமாகிவிடும். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தைக்கு வந்தவர்கள் சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் மருந்து தெளிக்கும் ஒரு குகைக்குள் புகுந்து போனார்கள். கொரோனா கழுவிப் போய்விடும் என்ற நம்பிக்கை. அதற்குச் சில நாள் முன்புதான் உத்தரப் பிரதேசத்துப் பரேலியில், ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்களைச் சாலையில் உட்காரவைத்துக் குழாயால் மருந்து பீய்ச்சினார்கள். மனிதர்மேல் தெளித்தால் கண்ணும் தோலும் எரியுமே தவிர, உள்ளே போன கிருமிக்கு ஒன்றும் ஆகாது என்று மருத்துவத் துறையினர் சொன்ன பிறகுதான் தமிழகத்தில் அந்தக் குகைகள் மூடப்பட்டன.

பால் பண்ணையில் நடப்பது இவ்வளவு முட்டாள்தனமில்லை. கறவை மெஷினின் ரப்பர் லைனரிலும் குழாயிலும் பால் ஓடி முடிந்ததும் மூன்று வகை அழுக்கு ஒட்டிக்கொள்ளும்: கொழுப்பு, புரதம், தாது உப்பு. கொழுப்பைக் காரம் கரைக்கும். தாது உப்பு படிந்து இறுகிய பால்கல்லை அமிலம் கரைக்கும். பிடிவாதமானது புரதம்தான், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடாகக் குழாய்ச் சுவரில் ஒட்டிக் கிடக்கும். குளோரின் அதை உடைத்து உரிக்கும், கிருமியையும் கொல்லும். அதனால்தான் மேல்நாட்டுப் பண்ணைகளில் காஸ்டிக் சோடாவையும் ஹைப்போகுளோரைட்டையும் ஒரே கேனில் கலந்து விற்றார்கள். ஒரு கேன், ஒரு கழுவல், வேலை முடிந்தது.

மிச்சம் வைத்த கணக்கு பிறகு வந்தது. குழாயில் தங்கிய பாலோடு குளோரின் சேர்ந்தால் டிரைகுளோரோமீத்தேன் உண்டாகிறது. ஒரு காலத்தில் அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுத்தார்களே, அந்தக் குளோரோஃபார்ம்தான் இது. கொழுப்பில் கரையும் என்பதால் வெண்ணெயில் போய்ச் சேர்கிறது. இன்னொரு மிச்சம் குளோரேட். ஹைப்போகுளோரைட் கேன் வெயிலிலும் புழுக்கத்திலும் நாள்பட இருந்தால் கிருமி கொல்லும் வீரியம் குறைந்துகொண்டே வரும், குளோரேட் ஏறிக்கொண்டே போகும். உடம்புக்குள் போனால் தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதை அது தடுக்கிறது. பெரியவர்களைவிடக் கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் பாலுக்கு வைத்த குளோரேட் வரம்பு கிலோவுக்கு 0.10 மில்லிகிராம். வெண்ணெயையும் குழந்தைப் பால்மாவையும் ஏற்றுமதி செய்தே பிழைக்கும் அயர்லாந்தின் பால் துறை தாமதிக்கவில்லை. அங்குள்ள பால் நிறுவனங்கள் தமக்குப் பால் ஊற்றும் பண்ணைகளை 2021 தொடக்கத்திலிருந்து குளோரின் இல்லாத கழுவலுக்கு மாறச் சொல்லிவிட்டன.

குளோரின் இருந்த இடத்தில் அவர்கள் எதை வைத்தார்கள்? புதிய அற்புத மருந்து எதுவும் இல்லை. கறந்து முடித்த கையோடு வெதுவெதுப்பான நீரில் அலசல். ஒரு கறவை அலகுக்கு 14 லிட்டர் என்பது அயர்லாந்தின் வேளாண் ஆய்வு நிறுவனமான டீகாஸ்க் சொல்லும் அளவு. முதல் நீரே கொதிநீராக இருந்தால் புரதம் வெந்து இன்னும் இறுக ஒட்டிக்கொள்ளும். அலசிய பிறகு 75 முதல் 80 டிகிரி சூட்டில் காரக் கழுவல். வாரத்தில் முன்பைவிட அதிக நாள் அமிலக் கழுவல். தேவைப்பட்டால் கடைசியில் பெரசெட்டிக் அமிலம். அது வினிகரும் நீரும் பிராணவாயுவுமாகப் பிரிந்து போய்விடும். சூடு, நேரம், மருந்தின் அடர்த்தி, தேய்ப்பு ஆகிய நாலில் ஒன்றைக் குறைத்தால் மற்ற மூன்றில் ஒன்றையாவது கூட்டியே ஆகவேண்டும். குளோரினை எடுத்ததும் சூடும் நேரமும் கவனமும் ஏறின. வேறு வழியில்லை.

இதில் ஓர் உண்மை உண்டு. பரிகாரம் பற்றிப் பேசும் எவரும் அதைக் கவனிக்க வேண்டும். அழுக்கின்மேல் ஊற்றிய குளோரின் அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துபோகும். கிருமியைக் கொல்ல மிச்சம் இருக்காது. ஆக, ஏற்கெனவே நன்றாகக் கழுவிய பாத்திரத்தில்தான் அது முழுப் பலம் காட்டும். நன்றாகக் கழுவி, சுடுநீர் விட்டு, கவிழ்த்துக் காயவைத்த பாத்திரத்துக்கு அதன் தேவை குறைவு. தவறு செய்யாதவனுக்கு மட்டும் பலிக்கும் பாவமன்னிப்பு போல.

வெள்ளக்கடை மாதிரி ஊரில் கறவை மெஷின் பேச்சு பெரிதாக எடுபடாது. இரண்டு மூன்று மாட்டுக்குக் கை போதும். அங்கே சோதனைக்களம் பால் கேன். மூடியைத் திறந்து கழுத்து மடிப்புக்குக் கீழே விரலை விட்டுத் தடவினால் தெரியும்: சொரசொரப்பாக, மஞ்சளோடிய வெள்ளையில் ஒரு பொருக்கு. அதுதான் பால்கல். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றி மோந்து பார்த்தால் இன்னொரு சாட்சி கிடைக்கும். இந்த இரண்டு இடத்தையும் தேய்க்காமல் கேன் நிறைய பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினாலும், மறுநாள் மூடியைத் திறக்கும்போது புளித்த வாடை வரும்.

அந்தக் கேன் அலுமினியமாக இருந்தால் கதை இன்னும் சுவாரசியம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பாக்சைட் உண்டு. இங்கே வெட்டிய பாக்சைட் மேட்டூர் மால்கோ ஆலைக்குப் போய் அலுமினியமாகியிருக்கிறது. பாக்சைட்டிலிருந்து அலுமினாவைப் பிரிக்கக் காஸ்டிக் சோடாவில்தான் கரைக்கிறார்கள். மண்ணைக் கரைத்த அதே காரம் கேனையும் அரிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் காஸ்டிக் சோடா ஊற்றினால் நுரைத்துக்கொண்டு உலோகமே கரையத் தொடங்கிவிடும். அதற்கு மென்மையான கார சோப்புதான் ஏற்றது. காஸ்டிக் தாங்குவது எவர்சில்வர்.

அதே மேட்டூரில் 1936இல் தொடங்கிய மேட்டூர் கெமிக்கல் நிறுவனம் உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தது. அந்த முறையில் ஒன்றை எடுத்தால் மற்றது கூடவே பிறக்கும். ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்குக் கிட்டத்தட்ட 0.88 டன் குளோரின். பண்ணைக்காரர் குளோரினை ஒதுக்கிக் காஸ்டிக்கால் கழுவுகிறார் என்றால், அவர் ஒதுக்கிய இரட்டைப் பிள்ளை வேறெங்கோ பி.வி.சி. குழாயாக, பிளீச்சிங் பவுடராக உலவிக்கொண்டிருக்கிறது. முழுத் தூய்மை எனக்கு மட்டும் என்று எவரும் தனியாக எடுத்துக்கொண்டு போக முடியாது.

பாட்டி காலத்தில் சாம்பலும் புளியும்தானே, அதற்கே திரும்பலாமே என்பார்கள் சிலர். சாம்பல் காரம், புளி அமிலம். காரக் கழுவல், அமிலக் கழுவல் என்ற இன்றைய வரிசை அதிலேயே இருக்கிறது என்பது உண்மைதான். செம்பு, இரும்பு, பித்தளை, ஈயம் இவற்றைக் காரத்தாலும் புளிப்பாலும் நீராலும் துலக்கச் சொல்கிறது அதே மனுஸ்மிருதி. ஆனால் பாட்டியின் செம்பு அகன்ற வாய் கொண்டது, கை உள்ளே போகும், கறந்த பால் அரை மணியில் அடுப்பேறிவிடும். இன்றைய பால் பல மணி நேரம் பயணம் போகிறது. சாம்பல் போட்டுத் தேய்த்த கீறலுக்குள் கிருமி குடியேறும், புளி அலுமினியத்தை அரிக்கும். ஏக்கம் நல்லதுதான், அதைப் பால் கேனுக்குள் போடக்கூடாது.

பால் பாத்திரத்தையே சமயமாக்கிக்கொண்டவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. நீலகிரியின் தோடர்கள். அவர்களின் கோயில் என்பதே எருமைப்பால் கடையும் பால்மனை. பூசாரி என்பவரே பால்காரர். 1901-02இல் அவர்களிடையே தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூலில் இந்தப் பாத்திர ஒழுங்கு பக்கம் பக்கமாக விரிகிறது. பால்மனையின் உள் அறைப் பாத்திரம் வேறு, வெளி அறைப் பாத்திரம் வேறு. புனிதம் மிகுந்த பால்மனைகளில் இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. உள்ளிருந்து வெண்ணெயும் மோரும் வெளியே வரவேண்டுமென்றால், நடுவே ஒரு பாத்திரத்தில் ஊற்றி அதிலிருந்துதான் மாற்ற வேண்டும். இன்றைய பால் ஆலையில் பச்சைப் பால் பக்கத்தையும் பதப்படுத்திய பால் பக்கத்தையும் பிரித்துவைக்கும் பொறியாளருக்கு இந்த ஒழுங்கு விளங்க நேரம் பிடிக்காது. தீட்டு நேர்ந்தால் கழிக்க அவர்கள் கொண்டது ஒரு மரத்தின் பட்டை.

ஆனால் தோடர் பால்மனையின் உயிர் கழுவலில் இல்லை. நேற்றைய மோரிலிருந்து கொஞ்சம் எடுத்து இன்றைய பாலில் இடுகிறார்கள். அந்த உறைமோரின் தொடர்ச்சிதான் அவர்களுக்குப் புனிதம். அது கெட்டுப்போனால், புதிதாக உறை உண்டாக்கத் தனிச் சடங்கே வைத்திருந்தார்கள். நுண்ணுயிரியல் கண்ணால் பார்த்தால், தலைமுறை தலைமுறையாக ஒரு கிருமிக் குடும்பத்தைக் காப்பாற்றி வருகிறார்கள். எல்லாவற்றையும் கொல்வது தூய்மை என்பது குளோரினின் கொள்கை. இருக்க வேண்டியது இருக்கட்டும், வேண்டாதது அண்டாமல் இருக்கட்டும் என்பது பால்மனையின் கொள்கை. தினமும் தயிர் தோய்க்கும் எந்த வீட்டிலும் நடப்பது இந்த இரண்டாவதுதான்.

கழுவும் வேலையையே வழிபாடாகக் கொண்ட மரபு சமவெளியிலும் இருக்கிறது. சைவம் சொல்லும் நாலு படிகளில் முதற்படி சரியை: கோயிலைப் பெருக்குவது, மெழுகுவது, பூப்பறிப்பது. அதன் அடையாளமாக நிற்பவர் திருநாவுக்கரசர். கையில் இருப்பது புல் செதுக்கும் உழவாரம். காஞ்சிபுரத்தில் அடியார்களின் துணி வெளுத்த திருக்குறிப்புத் தொண்டர் அறுபத்துமூவரில் ஒருவர். பெருக்கி முடித்துவிட்டுச் சாமி கும்பிடலாம் என்பது ஒரு பார்வை. பெருக்குவதே கும்பிடுவது என்பது இன்னொன்று. சரியை இரண்டாவதைச் சொல்கிறது; பால் கேன் விஷயத்தில் நுண்ணுயிரியலும் அதையே சொல்கிறது.

இந்த இடத்தில் ஒரு கசப்பைத் தாண்டிப் போக முடியாது. பாத்திரத்துக்கு நீரும் காரமும் போதும் என்று எழுதிய மனுஸ்மிருதி, சில மனிதர்களை மட்டும் எந்த நீராலும் கழுவ முடியாத தீட்டாக வைத்தது. 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்து மகாட் ஊரில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான தலித்துகளோடு சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தினார். சாதி இந்துக்கள் பிறகு அந்தக் குளத்தில் பால், தயிர், சாணம், கோமியம் கலந்த 108 குடங்களை ஊற்றிச் ‘சுத்தம்’ செய்தார்கள். மாடுகள் குடிக்கத் தடையில்லாத குளம் அது. நுண்ணுயிரியல் கணக்கில் அன்று அந்த நீரை அசுத்தமாக்கியது அந்த 108 குடங்கள்தான். பரிகாரம் என்ற பெயரில் நடப்பது பல நேரம் இப்படித் தலைகீழாக முடிகிறது: கழுவ வேண்டிய இடத்தில் கழுவாமல், கழுவத் தேவையில்லாத இடத்தில் கொட்டுவது. இதற்கு மாறாக, கூட்டுறவுப் பால் சங்கத்தின் வரிசையில் முன்னே நிற்பவர் எந்தச் சாதி என்று பார்க்காமல் எல்லோரும் செம்போடு நிற்பதை பால் கூட்டுறவு இயக்கத்தை வளர்த்த வர்கீஸ் குரியன் பெருமையாகச் சொன்னதுண்டு. அங்கே கேட்கப்படும் கேள்வி கொழுப்பு எத்தனை சதவீதம், பால் கெட்டிருக்கிறதா என்பது மட்டும். எல்லா ஊரிலும் அது அப்படியே நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அளவுகோல் சரியானது.

சரி, வெள்ளக்கடை வீட்டுக்குத் திரும்பினால் தத்துவம் விறகுக் கணக்காகிவிடுகிறது. குளோரினுக்கு மாற்று சுடுநீர் என்று அயர்லாந்தில் சொன்னால், சுவிட்சைத் தட்டிக் கொதிகலனைப் போடுவார்கள். மலைக் காற்றில் சில்லிட்ட 20 லிட்டர் தண்ணீரை 80 டிகிரிக்குக் கொண்டுவர, திறந்த அடுப்பில் இரண்டு மூன்று கிலோ விறகாவது எரிய வேண்டும். இரண்டு வேளைக்கு அதைப் போல் இரண்டு மடங்கு. அதைச் சுமப்பது பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்ணின் தலை. பிளீச்சிங் பவுடர் ஒரு பிடி போட்டால் போதும் என்று யாராவது சொல்லும்போது அவள் காதில் அது வேதமாக விழுவதில் என்ன தப்பு? தூய்மையைப் போதிக்கும் சமயமும் சரி, அறிவியலும் சரி, அதற்கான உழைப்பு யாருடையது என்பதைக் கேட்காமலே போதித்துவந்திருக்கின்றன.

விடை தொழுவத்திலேயே கிடக்கிறது. இரண்டு மாட்டின் ஒரு நாள் சாணத்தில் சுமார் 25 கிலோ எடுத்துச் சாண எரிவாயுக் கலனில் விட்டால் ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். மேற்சொன்ன 20 லிட்டரைச் சூடாக்க அதில் ஏறக்குறைய பாதி போதும். மலைக்குளிரில் மார்கழி, தை மாதங்களில் வாயு குறையும். கலனை வெயில் படும் இடத்தில் புதைத்து மூடி வைத்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம். வீட்டளவுக் கலனுக்கு ஒன்றிய அரசின் மானியம் இருக்கிறது. மலை ஊர்களில் பாலின் தரம் உயர வேண்டும் என்று நினைக்கும் கூட்டுறவு ஒன்றியமும் ஊராட்சியும், பயிற்சி வகுப்பில் நோட்டீஸ் கொடுப்பதோடு நிறுத்தாமல், கை உள்ளே போகும் அகன்ற வாய் எவர்சில்வர் கேன் ஒன்றையும் சாண எரிவாயு அடுப்பு ஒன்றையும் சேர்த்தே கொடுக்கட்டும். குளோரினை விடச் சொல்வது அதற்குப் பிறகு.